கொக்கி வைத்த பெயர்

தமிழ்ச்செல்வி தைத்துக் கொடுத்த முகூர்த்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஒரு பெண் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து புருஷன் மேல் மனு கொடுத்தாள். கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள், பாவம். மனுவை வாங்கிய ஏட்டும் தமிழ்ச்செல்விதான். அழுகிறவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதும்போதே அவள் கண் அந்த ஜாக்கெட்டின் கைப்பக்கம் போய் நின்றது. அத்தனை இழுபறியிலும் ஒரு மணிகூட உதிரவில்லை. சந்தோஷப்படுகிற இடம் அது இல்லை என்று தெரிந்தும் லேசாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டு வேலை. காக்கி உடுப்பு அரசாங்கம் கொடுத்தது. ஆரி வேலை அவளாகத் தேடிக்கொண்டது. மகள் மீனா வயிற்றில் இருந்தபோது, விடுப்பில் சும்மா உட்கார முடியாமல் வில்லாபுரத்தில் ஒரு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். மரச் சட்டத்தில் பட்டுத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் அடியிலிருந்து ஜரிகையை இழுத்து இழுத்துப் பூப்போடுகிற வேலை. கை கொஞ்சம் நடுங்கினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டேஷனில் நாள் முழுக்க முறிந்துபோன குடும்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, அந்தச் சட்டத்தின் முன் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகும். அங்கே நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே போகலாம். யாரிடமும் சமாதானம் பேச வேண்டியதில்லை.

இப்போது கல்யாணப் பெண்கள் எல்லோரும் ஜாக்கெட்டின் இடது கையில் மாப்பிள்ளை பெயரை ஜரிகையில் எழுதச் சொல்கிறார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லவே கூச்சப்பட்டு, ரேஷன் கடையில் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்ன ஊர் இது. அதே ஊரில் இன்றைக்கு அந்தப் பெயரைக் கையில் மாட்டி, வீடியோக்காரர் பக்கம் திருப்பிக் காட்டிச் சிரிக்காவிட்டால் கல்யாணம் நடந்ததாகவே கணக்கில்லை.

அரசாங்க ஊழியர் வேறு தொழில் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் அவனியாபுரத்தில் அவள் வீட்டு வாசலில் போர்டு கிடையாது. போர்டு இல்லாத குறையை அவள் புருஷன் முத்துக்குமரனின் ஷேர் ஆட்டோ தீர்த்துவைத்தது. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் விஷயம் தெரியும். அவர் கறாரான ஆள். மகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர்; ஏன் தனியாக என்று ஸ்டேஷனில் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டு, "என் காதுக்கு வந்தாப் பரவாயில்ல தமிழ். மனுவா வந்துச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்று மட்டும் சொல்லிவைத்தார்.

மனு வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அந்த ஜாக்கெட்காரப் பெண் ஸ்டேஷனுக்கு வந்துபோன கொஞ்ச நாளில், முத்துக்குமரன் சாப்பிடும்போது சாவகாசமாகச் சொன்னான்.

"ஆட்டோவுல பேசிக்கிட்டு வந்தாக செல்வி. ஏட்டம்மா கையில ஜாக்கெட் தச்சா, பின்னால ஏட்டம்மா கையிலயே மனுவும் குடுக்கணுமாம். கைராசி அப்பிடியாம்."

"நீங்க என்ன சொன்னீக?"

"சில்லறை கேட்டேன்."

அந்தச் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அவள் ஸ்டேஷன்தான் மகளிர் ஸ்டேஷன். அந்தச் சுற்று வட்டாரத்துக் கல்யாண ஜாக்கெட்டுகளில் பெரும்பகுதி அவள் கையில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நூறு கல்யாணத்தில் நாலு முறியத்தான் செய்யும், அந்த நாலும் அவளிடம்தான் வரும். இதில் கைராசிக்கு வேலையே இல்லை. ஆனால் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போகிறவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. தையல் கோணல் என்று சொல்லியிருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பாள். கைராசியைப் பிரித்துத் தைக்க அவளுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

வந்துகொண்டிருந்த ஆட்கள் குறைந்த அந்த நேரத்தில்தான் திருநகரிலிருந்து பத்மாசினி வந்தாள், மகள் காவ்யஸ்ரீயை அழைத்துக்கொண்டு. சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற தொழில். தாயும் மகளும் தங்களுக்குள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். தமிழ்ச்செல்விக்கு அதில் பாதி புரியும். புரிவதாகக் காட்டிக்கொண்டால் யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள் என்பதால் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் பேசுவது தன் காதிலும் விழுந்ததாகவும், தனக்கு வேலை சுத்தம்தான் முக்கியம், மற்றதெல்லாம் பேச்சு என்றும் பத்மாசினி தமிழில் சொன்னாள். தமிழ்ச்செல்விக்கு அந்த இடத்திலேயே அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

காவ்யஸ்ரீ அதிகம் பேசவில்லை. அளவு ஜாக்கெட்டையும் அரக்குப் பட்டுத் துணியையும் எடுத்து வைத்தாள். தமிழ்ச்செல்வி காட்டிய ஒவ்வொரு நூலையும், எச்சில் தொட்ட விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். அப்பாவின் சாயப்பட்டறையில் வளர்ந்த பழக்கம். ஜரிகைக் கண்டை மட்டும் தேய்க்காமல் தள்ளி வைத்தாள்.

"மாப்பிள்ளை பேரு?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

ராஜகுரு என்று சொல்லி, பத்மாசினி போனை நீட்டினாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இதுவரை வேறு ஜாதகமே பார்க்கவில்லையாம், முதல் ஜாதகமே இவர்களுடையதுதானாம். பெண்களிடம் அவ்வளவு மரியாதையாம், வாய்க்கு வாய் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாராம்.

தமிழ்ச்செல்வி போட்டோவைப் பார்த்தாள். அவளையும் அவன் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

அது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். போன தேர்தலுக்குப் பந்தோபஸ்து போட்ட சமயம். கீழக்குயில்குடி ஜெயபாண்டியின் மகள் மனு கொடுக்க வந்தாள். சென்னையில் வேலை பார்த்த இடத்தில் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னபோது போட முடியவில்லை. வலது கை விரல்கள் இரண்டு கட்டுக்குள் இருந்தன. பெரிய படிப்புப் படித்த பெண், இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தாள். விசாரணைக்கு வந்த ராஜகுரு, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது சிஸ்டர் என்று பணிவாகச் சொன்னான். அவள் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரு தரப்புப் பெரியவர்களும் பேசி, கோர்ட்டில் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். விலகியும் விட்டார்கள். மனு முடிந்துவிட்டது. சட்டப்படி அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள ஒரு தடையும் இல்லை. சட்டப்படி தமிழ்ச்செல்வி அதை வெளியே சொல்லத்தான் தடை.

சொல்லிவிட்டால், ஸ்டேஷன் விஷயத்தை ஜாக்கெட் தைக்கிற இடத்தில் சொன்னாள் என்று இரண்டு குற்றம் ஒரே மனுவில் வரும். உடுப்பைக் கழற்ற வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் விரல் என்னவாகுமோ. கல்யாணம் நின்றால் கைராசி இல்லை என்பார்கள். நடந்து, பின்னால் இவளும் மனுவோடு வந்து நின்றால் அப்போதும் கைராசி இல்லை என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஊர் அவளை விடப்போவதில்லை. அது ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது, கைராசியைப் பற்றிக் கவலைப்படாமல் மற்றதை யோசிக்கலாம்.

மனுஷன் திருந்தியிருக்கலாம் என்றும் யோசித்துப் பார்த்தாள். திருந்தியவன் முதல் கல்யாணத்தை ஏன் மறைக்கிறான் என்ற இடத்தில் அந்த யோசனை முட்டிக்கொண்டு நின்றது. பெயரைச் சொல்லாமல், ஊரைச் சொல்லாமல், முத்துக்குமரனிடம் யோசனை கேட்டாள்.

"சொன்னா வேலை போகும்ங்கற. சொல்லாட்டி என்ன போகும்?" என்று கேட்டான் அவன்.

"எனக்கு ஒண்ணும் போகாது."

"அப்பறம் ஏன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?"

மயில், மாங்காய்க் கொடி, கழுத்தைச் சுற்றிக் கல்வரிசை எல்லாம் முடிந்துவிட்டன. கைப்பக்கம் மட்டும் பாக்கி. வெள்ளைப் பென்சிலில் ராஜகுரு என்று எழுதிக்கொண்டு ஊசியை இறக்கினாள். முதல் எழுத்தின் காலைக்கூடத் தாண்ட முடியவில்லை. மூன்று தடவை பிரித்தாள். இந்தப் பெயரைத் துணியில் ஏற்றினால் காலத்துக்கும் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் போடுகிற தையல் அப்படி. கடைசியில் அதே பட்டில் கையகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடியில் தடித்த துணி கொடுத்து, அந்தத் துண்டின் மேல் பெயரை எழுதி முடித்தாள். துண்டின் நாலு மூலையிலும் சின்னச் சின்னக் கொக்கி வைத்தாள். ஜாக்கெட் கையில் கொக்கி மாட்ட நூல் வளையம் போட்டாள். மாட்டினால் தெரியாது. கழற்றினால் கை வெறுமையாக, அதுவும் அழகாகத்தான் இருந்தது. இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

போட்டுப் பார்க்க இரண்டு பேரும் வந்தார்கள். ஜாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. பத்மாசினி கண் கலங்கி, போனை எடுத்துச் சமையல்காரரிடம் ஏதோ பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். காவ்யஸ்ரீ இடது கையைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். பெயரின் ஓரத்தில் விரல் வைத்தாள். ஒரு கொக்கி கழன்று வந்தது.

"இது எதுக்குக்கா கழட்டுற மாதிரி வச்சிருக்கீங்க?"

தமிழ்ச்செல்வி அதற்கு ஒரு பதில் தயார் செய்துதான் வைத்திருந்தாள். துவைக்க வசதி என்று சொல்வதாக இருந்தாள். வாய் வேறு சொன்னது.

"சாயம் போற நூலும்மா."

காவ்யஸ்ரீ அந்தப் பெயரைப் பார்த்தாள். எல்லாம் ஜரிகை. பழக்க தோஷத்தில் விரலை நாக்கில் தொட்டு, பெயரின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலைப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

"ஜரிகை எங்கயாச்சும் சாயம் போகுமாக்கா?"

"போகாதும்மா."

பத்மாசினி முந்திரியா பாதாமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். காவ்யஸ்ரீ கண்ணாடியிலிருந்து திரும்பி, தமிழ்ச்செல்வியின் முகத்தை நேராகப் பார்த்தாள். தமிழ்ச்செல்வி முகத்தைத் திருப்பவில்லை. குற்றவாளிகளை எத்தனையோ தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்து அவள் அறிந்ததில்லை.

"இதுக்கு முந்தி வேற துணியில தச்ச நூலா?" குரல் மிகவும் தணிந்திருந்தது.

"தச்சு, பிரிச்ச நூலு."

"அந்தத் துணி இப்ப எங்க இருக்கு?"

"கீழக்குயில்குடிப் பக்கம். நல்லாத்தான் இருக்கு. ஒரு எடத்துல மட்டும் கிழிசல், அதையும் தச்சாச்சு."

காவ்யஸ்ரீ பெயரின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு, சாயப்பட்டறையில் நின்று சேதமான சேலையைப் பற்றி விசாரிக்கிறவள் போல நிதானமாகக் கேட்டாள்.

"கிழிஞ்சதாக்கா, கிழிச்சதா?"

ஸ்டேஷனில் இத்தனை வருஷம் எழுதிய மனு அத்தனையும் கடைசியில் இந்த ஒரு கேள்விக்குள்தான் வந்து நிற்கின்றன. கதவிடுக்கு, வழுக்கின படி, கொதித்த எண்ணெய், எல்லாம் அதுவாகக் கிழிந்த கதைகள்.

"கிழிச்சது," என்றாள் தமிழ்ச்செல்வி.

காவ்யஸ்ரீ மற்ற மூன்று கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெயரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஜாக்கெட் நன்றாக இருக்கிறதென்று அம்மாவிடம் சொன்னாள். பாயசம் முந்திரியோடு முடிவாகியிருந்தது.

கல்யாணம் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவ்யஸ்ரீ ஸ்கூட்டியில் கீழக்குயில்குடிக்குப் போனதாகவும், சமணர் மலை அடிவாரத்தில் ஒரு டீக்கடையில், சென்னையில் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்த பெண் வீடு எது என்று கேட்டதாகவும், போனவள் பொழுது சாயத்தான் திரும்பியதாகவும் பின்னால் தெரிந்தது. அவனுக்கு முன்பே கல்யாணம் ஆனதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று வீட்டில் கேட்டதற்கு, நானாக விசாரித்தேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து யாரும் வாங்கவில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு மனுவும் வரவில்லை.

பத்மாசினி வந்தாள். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தன் பாஷையில் தனக்குத்தானே கொஞ்ச நேரம் பேசினாள். தமிழ்ச்செல்விக்குப் புரிந்த பாதியிலேயே போதுமான அளவு இருந்தது. பிறகு தமிழில், "கைராசி இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க ஏட்டம்மா. நாந்தான் கேக்கல," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். உங்கள் மகள் விரல் பத்தும் நன்றாக இருக்கிறதே அம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியாது. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, வெறும் சட்டத்தின் முன் உட்கார்ந்து அழுதாள். முன்பெல்லாம் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் முறிந்தது, இப்போது தாலி கட்டும் முன்பே முறிகிறது, ஏட்டம்மா கை வேகம் கூடிவிட்டது என்று ஆட்டோவில் பேசிக்கொண்டதாக முத்துக்குமரன் சொன்னான். இந்தத் தடவை அவன் சில்லறை கேட்கவில்லை. பேசியவர்களை அவனியாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு முன்பே இறக்கிவிட்டிருந்தான்.

சட்டம் மாதக் கணக்கில் காலியாகக் கிடந்தது. மீனா அதில் ஸ்கூல் யூனிபார்மைக் காயப்போட்டாள்.

அப்புறம் ஒருநாள், பத்மாசினி பீரோவைத் திறந்து அந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்திருக்கிறாள். இடது கையில் நூல் வளையங்கள். மகளின் கைப்பையில் கொக்கி வைத்த பெயர். வளையத்தையும் கொக்கியையும் பொருத்திப் பார்க்க ஜாக்கெட் போடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் நேரமாகாது. எல்லோர் பெயரையும் துணியோடு சேர்த்துத் தைக்கிறவள், கல்யாணம் நிற்பதற்கு முன்பே இந்தப் பெயருக்கு மட்டும் எதற்குக் கொக்கி வைத்தாள்? பத்மாசினிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. திருநகர் முழுக்க, உறவு முழுக்க, ரகசியம் என்று சொல்லிச் சொல்லிப் பரப்பினாள்.

அதன் பிறகு வந்த பெண்கள் வேறு மாதிரி வந்தார்கள். பட்டை அப்புறம் எடுத்தார்கள். மயிலா யானையா என்பதெல்லாம் அப்புறம். முதலில் மாப்பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டு, தமிழ்ச்செல்வியின் முகத்தையே பார்த்தார்கள். கூட வந்த அம்மாக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "துணியோட சேத்தா, கொக்கியா?" என்று கேட்டார்கள். சேர்த்துத்தான் என்று சொன்னால், அங்கேயே போனைப் போட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார்கள். கைராசிக்காரி என்ற பேச்சு வந்துவிட்டது. ஆட்டோவில் இப்போது தன்னைப் பார்த்துச் சில்லறை சரியாகக் கொடுக்கிறார்கள் என்று முத்துக்குமரன் சொன்னான்.

தமிழ்ச்செல்விக்கு அந்தப் பேச்சு பழைய பேச்சைவிட பயமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷன் படியேறி வந்த பெயர்கள் மட்டும்தான். படியேறாத பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று அவளைவிட யாருக்கும் தெரியாது. கதவிடுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரியோடு முடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவள் சேர்த்துத் தைத்தால் அது உத்தரவாதமாகிவிடுகிறது. அந்த உத்தரவாதத்தை எந்தச் சட்டத்தில் கட்டித் தைப்பது? யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தாள்.

அந்த வாரத்தில்தான் இன்ஸ்பெக்டர் அம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். மனு வந்துவிட்டது என்று தமிழ்ச்செல்வி நினைத்தாள். விறைப்பாக நின்றுகொண்டாள். உடுப்பு இல்லாமல் இனி எப்படி என்றுகூட ஒரு நொடி கணக்குப் போட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து, மாம்பழக் கலர் பட்டுத் துணி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். மேலே ஓர் அளவு ஜாக்கெட். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை பெயர் அருண்பாண்டி என்றார். சொல்லிவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் பார்த்த மாதிரியே அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பேரை விசாரித்த கண் அது, அன்றைக்கு இமைக்காமல் காத்திருந்தது.

"சேத்தா, கொக்கியா தமிழ்?"

"கொக்கிதாம்மா."

இன்ஸ்பெக்டரின் கை பட்டின் மேல் அப்படியே நின்றது. "என்ன இருக்கு அந்தப் பையன் மேல?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் அந்தப் பேரக் கேள்விப்பட்டதே இல்ல." தமிழ்ச்செல்வி துணியை எடுத்து மடித்துக்கொண்டாள். "இனிமே எல்லாருக்கும் கொக்கிதான். நல்லவுக பேரா இருந்தா அது பாட்டுக்கு நிக்கும். கழட்டணும்னா, பிள்ளைக்குத் துணி கிழியாமக் கழட்ட வரணும்ல."

இன்ஸ்பெக்டர் அம்மா டிராயரை மூடினார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா வை," என்றார். "எங்க காலத்துல இந்த மாடல் இல்ல."

கதவைத் திறந்துவிட்டு, அடுத்த மனுவை வரச் சொன்னார்.